ஒரே ஒரு வரிதான், சார்

மனித குலத்தில் ‘ஒரே ஒரு வரிதான்’ என்றொரு இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். கணினி இருக்கிற அலுவலகம் எதுவானாலும் ஒருவராவது இருப்பார். அவருக்கென்று நாற்காலி உண்டு; அதில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. எப்போதும் அடுத்தவர் நாற்காலிக்குப் பின்னால்தான் நிற்பார். இடது கையில் டீக் குவளை இருக்கும். வலது கை உங்கள் தோளுக்கு மேலாக நீண்டு வந்து உங்கள் விசைப்பலகையில் இறங்கும். “கொஞ்சம் நகருங்க. ஒரே ஒரு வரிதான்.” நீங்கள் நகர்வதற்குள் வரி மாறியிருக்கும். என்ன மாறியது என்று நீங்கள் தேடிப் பார்ப்பதற்குள் ஆள் அடுத்த நாற்காலிக்கு மாறியிருப்பார்.

இவருடைய தத்துவம் எளிமையானது. பத்து வரி எழுதினால் சோதித்துப் பார்க்க வேண்டும். ஐந்து வரி என்றால் யாரிடமாவது சொல்லிவிட்டுச் செய்ய வேண்டும். ஒரு வரிக்கு எதற்கு அதெல்லாம்? மீசையில் ஒரு முடியைக் கத்தரித்துக்கொண்டவன், முடி வெட்டிக்கொண்டேன் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போவானா? ஆகவே, “எதையாவது தொட்டீர்களா?” என்று கேட்டால் “இல்லை” என்பார். பொய் சொல்கிறார் என்று நினைக்காதீர்கள். மனதார, கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்கிற சுத்தத்தோடு சொல்கிறார். ஒரு வரியைத் தொடுவது அவர் அகராதியில் தொடுவதே அல்ல.

நாம் பார்க்கப்போகிறவருக்கு அலுவலகத்தார் வைத்த பெயரே ‘ஒரு வரி’ என்பதுதான். முகத்துக்கு நேரே ‘அண்ணே’. முதுகுக்குப் பின்னால் ‘ஒரு வரி’. செருப்புக் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில், பதினோரு பேர் கொண்ட சின்னக் கம்பெனி. லிஃப்ட் மூன்றாவது மாடியில் நிற்காது. நான்காவது மாடிக்குப் போய் ஒரு மாடி இறங்கி வர வேண்டும். முன்பு நின்றுகொண்டுதான் இருந்தது. யாரோ ஒரு திருகாணியைத் திருகிச் சரிசெய்ததிலிருந்து நிற்பதில்லை. யார் என்று நான் சொல்லப்போவதில்லை.

அவருடைய ராஜ்ஜியம் இணைப்புக் கோப்பு. அது என்னவென்று இரண்டு வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் போனில் பார்க்கிற இணையதளம் வெறும் குழாய். பெயர், ஊர், பிறந்த தேதி என்று எல்லாத் தகவலும் தங்குகிற டேட்டாபேஸ்தான் கிணறு. குழாயைத் திறந்ததும் தண்ணீர் வர வேண்டுமென்றால், எந்தக் கிணறு, எந்தப் பக்கத்துப் படி, யார் பெயரைச் சொல்லி இறைப்பது, காவலுக்குச் சொல்ல வேண்டிய ரகசியச் சொல் என்ன, ஒரே சமயத்தில் எத்தனை வாளி இறங்கலாம் என்றெல்லாம் ஒரு சீட்டில் எழுதிக் குழாயிடம் கொடுத்துவைக்க வேண்டும். அந்தச் சீட்டுதான் இணைப்புக் கோப்பு. மொத்தமே ஏழு வரி.

ஏழே வரி! ஒரு வரிக்காரருக்கு இதைவிடச் சொர்க்கம் உண்டா? ஆயிரம் வரிக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஏழு வரிக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் ஊரின் தண்ணீரையே திருப்பிவிடலாம்.

திருப்பியும் இருக்கிறார். ஒருமுறை இணையதளம் மெதுவாக இருக்கிறது என்று புகார் வந்தது. எல்லோரும் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் நேராகப் போய், வாளிக் கணக்கில் இருபது என்றிருந்ததை இரண்டாயிரம் என்று ஆக்கினார். இரண்டாயிரம் வாளியும் ஒன்றாகக் கிணற்றுக்குள் இறங்கின. வாளியோடு வாளி மோதி, கயிற்றோடு கயிறு முறுக்கி, ஒரு சொட்டுத் தண்ணீர் மேலே வரவில்லை. மெதுவாக இருந்த தளம் மொத்தமாக நின்றது.

“என்னப்பா ஆச்சு?” என்றார் மேலாளர்.

“கிணறு சின்னது, சார்.”

அவரிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. கோப்பைத் தொடுவதற்கு முன் ஒரு நகல் எடுத்துத் தன் கணினியில் வைத்துக்கொள்வார். நல்ல பழக்கம்தானே என்பீர்கள். நகல்களின் பெயரைக் கேளுங்கள்: ‘பழையது’, ‘பழையது இரண்டு’, ‘புதுசு’, ‘சரியானது’, ‘இதுதான் சரியானது’, ‘கடைசி’, ‘கடைசிக்குக் கடைசி’. ஏழு வரிக் கோப்புக்குப் பதினாறு நகல். எது எந்த மாதத்தது என்று கேட்டால், “எல்லாம் மனசுல இருக்கு” என்பார்.

வீட்டில் மட்டும் சும்மா இருப்பாரா? சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று மனைவி பிளம்பரைக் கூப்பிடப் போனபோது, “ஒரே ஒரு வாஷர்தான்” என்று ஸ்பேனரை எடுத்தார். அன்றிலிருந்து சமையலறைக் குழாயைத் திறந்தால் குளியலறையில் யாரோ முனகுவது போல ஒரு சத்தம் வருகிறது. மனைவி மருத்துவமனையில் நர்ஸ். நோயாளிக்கு மாத்திரை கொடுக்குமுன் சீட்டில் உள்ள பெயரை ஒருமுறை, கையில் கட்டிய பட்டையில் உள்ள பெயரை ஒருமுறை, வாய்விட்டுக் கேட்டு ஒருமுறை என்று மூன்றுமுறை சரிபார்க்கிறவர். இப்படிப்பட்ட இரண்டு பேரை யார் ஜோடி சேர்த்தார்கள் என்று தெரியவில்லை. சேர்த்தவரும் ஒரு வரிதானே என்று நினைத்திருப்பார்.

இந்தத் தம்பதிக்கு ஐந்து வயதில் ஒரு மகள். அந்த மருத்துவமனைக்கு எதிர்ச்சாரியில் ஒரு பள்ளிக்கூடம். மகளுக்கு அங்கே இடம் கிடைத்தால் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தால் போதும், சாயங்காலமும் அப்படியே. கிடைக்காவிட்டால் இரண்டு பஸ் மாற வேண்டும், இல்லையென்றால் மனைவி பகல் ஷிப்டை விட வேண்டும். ஆறு மாதமாக அந்த வீட்டில் இதே பேச்சு. இடம் மொத்தம் நூற்றிருபது. முதலில் விண்ணப்பித்தவருக்கு முதலிடம். விண்ணப்பம் இணையதளத்தில். அந்த இணையதளத்தைக் கட்டியது எந்தக் கம்பெனி என்கிறீர்கள்? செருப்புக் கடைக்கு மேலே, மூன்றாவது மாடி.

திறப்பு நாளுக்கு முந்தைய சாயங்காலம். எல்லாம் தயார். அப்போதுதான் நம்மவருக்கு ஒரு சின்னச் சந்தேகம்: அப்பா பெயர் நீளமாக இருந்தால் பட்டியலில் முழுசாகத் தெரியுமா? உண்மையான கிணறு இன்னும் காலி. ஆனால் பயிற்சிக்கென்று இன்னொரு கிணறு உண்டு. அதில் நாற்பது பொய்க் குழந்தைகளின் விவரம் போட்டுவைத்திருந்தார்கள். நேராகப் போய், ஊருக்காக வைத்திருக்கிற தளத்தின் இணைப்புக் கோப்பில் கிணற்றின் விலாசத்தை மாற்றிப் பயிற்சிக் கிணற்றுக்குத் திருப்பினார். ஒரே ஒரு வரி. பார்த்தார். பெயர் முழுசாகத்தான் தெரிந்தது. திரும்ப மாற்றக் கையை வைக்கும்போது, “அண்ணே, நாளைக்குத் திறப்பாச்சே, கேக் வெட்டுறாங்க, உங்களுக்காகத்தான் நிக்கிறாங்க” என்று வாசலிலிருந்து குரல் வந்தது. போனார். கேக் நன்றாக இருந்தது.

அந்த அலுவலகத்தில் சோதனை வேலை பார்க்கிற ஓர் அம்மாள் உண்டு. பட்டப்பெயர் ‘சந்தேகம் அக்கா’. தினமும் வீட்டுக்குக் கிளம்புமுன் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு எல்லாரிடமும் போய் ஒரே கேள்வி கேட்பார். அன்றும் கேட்டார்.

“இன்னிக்கு எதையாவது தொட்டீங்களா?”

“ஒண்ணையும் தொடலை, அக்கா.”

“நிஜமா?”

“கேக்கைத் தொட்டேன். எழுதிக்குங்க.”

அக்கா சிரிக்காமல் நோட்டை மூடினார்.

இங்கே ஒரு விஷயம் சொல்லாவிட்டால் கதை நொண்டும். பயிற்சிக் கிணறு அழுக்காகிவிடக் கூடாது என்பதற்காக, அதைத் தினமும் பகல் பன்னிரண்டு மணிக்கு மொத்தமாக இறைத்துக் கொட்டிவிட்டு, அதே நாற்பது பொய்க் குழந்தைகளை மறுபடி நிரப்புகிற கட்டளை ஒன்று உண்டு. தானாக ஓடும். அதுவும் ஒரே வரிதான். எழுதியவர் யார் என்று சொல்லவும் வேண்டுமா?

மறுநாள் காலை பத்து மணிக்கு விண்ணப்பம் திறந்தது. பத்து மணி ஒரு நிமிடத்துக்கு அவர் போன் அடித்தது. மனைவி, வார்டிலிருந்து.

“ஏங்க, போட்டுட்டேன். ஆனா நம்பர் நாப்பத்தேழுன்னு வருது.”

“நூத்திருபது இடம் இருக்கு. அப்புறம் என்ன?”

“பத்து அடிச்ச உடனே போட்டேங்க. எனக்கு முன்னாடி நாப்பத்தாறு பேர் எப்படிப் போட்டாங்க? அவங்களுக்கு மட்டும் பத்து மணி ஒன்பதரைக்கே அடிச்சிடுச்சா?”

“வேகமான விரல் இருக்கிறவங்க எல்லா ஊர்லயும் இருப்பாங்கம்மா. வை.”

வைத்தார். திரும்பிப் பார்த்தால் மேலாளர் சுவரில் இருக்கிற பெரிய திரைக்கு முன்னால் இடுப்பில் கைவைத்து நிற்கிறார். அந்தத் திரை, உண்மையான கிணற்றில் எத்தனை விண்ணப்பம் வந்திருக்கிறது என்று நேரடியாக எண்ணிக் காட்டும். காட்டியது: பூஜ்யம். பத்தே காலுக்கும் பூஜ்யம். பதினொன்றுக்கும் பூஜ்யம். பள்ளிக்கூடத்திலிருந்து போன்: “பெத்தவங்க எல்லாம் நம்பர் வந்திடுச்சுங்கறாங்க, எங்களுக்கு ஒரு பேரும் வரலையே.” மேலாளரின் சட்டை முதுகில் ஒட்ட ஆரம்பித்தது.

“தண்ணி போகுது, தொட்டி நிறையலைன்னா,” என்றார் சந்தேகம் அக்கா, “வேற எங்கயோ நிறையுதுன்னு அர்த்தம். இணைப்புக் கோப்பைப் பாருங்க.”

உண்மைத் தளத்தின் சாவி நம்மவரிடம்தான் இருந்தது. அவர் தன் கணினியில் ‘கடைசிக்குக் கடைசி’யைத் திறந்து ஏழு வரியையும் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. ஏன் இருக்காது? அது தளத்திலிருக்கும் கோப்பு இல்லை. போன வாரத்து நகல்.

“பார்த்துட்டேன், அக்கா. சரியாத்தான் இருக்கு. வேற யாரோ எதையோ தொட்டிருக்காங்க.”

சொல்லிவிட்டு, யாராக இருக்கும் என்று பத்துப் பேரின் முகத்தையும் ஒரு சுற்று பார்த்தார். அதில் ஒரு வருத்தமும் இருந்தது. பொறுப்பில்லாதவர்களோடு வேலை பார்க்க வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம்.

பதினொன்று முப்பத்தைந்துக்கு மறுபடி மனைவி.

“விண்ணப்பம் போட்டவங்க பட்டியலை அடிவரைக்கும் இழுத்துப் பார்த்தேங்க. முதல் நம்பர் யார் தெரியுமா? ‘மாதிரிக் குழந்தை ஒன்று’.”

அவர் டீக் குவளையைப் பக்கத்து மேசையில் வைத்தார்.

“அப்பா பேரு ‘மாதிரி அப்பா’. அடுத்தது ‘மாதிரிக் குழந்தை இரண்டு’. இப்படி நாப்பது பிள்ளைங்க. நாப்பதுக்கும் ஒரே பிறந்த தேதி. இது என்ன வீடுங்க? அந்தம்மாவுக்கு எந்த ஆஸ்பத்திரியில பிரசவம் பார்த்தாங்க? எங்க வார்டா இருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்குமே.”

கேக்கின் ருசி தொண்டையில் மறுபடி வந்தது. போனைக் காதில் வைத்தபடியே நடந்துபோய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். அலுவலகத்தில் இரண்டு பேர் அதைக் கவனித்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

இப்போது ஒரு வரிக்காரர் என்ன செய்வார்? எழுந்து நின்று, ‘ஐயா, நான்தான்’ என்பாரா? தளத்தின் கோப்பைத் திறந்து, விலாசத்தைச் சத்தமில்லாமல் பழையபடி மாற்றினார். ஒரே ஒரு வரி. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கத்தான் கஷ்டம். ஒரு வரியை மறைப்பது எத்தனை சுலபம்.

சுவர்த் திரை அசைந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

“வந்துடுச்சு!” என்றார் மேலாளர். கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். “என்னப்பா பண்ணினே?”

“ஒரே ஒரு வரிதான், சார்.”

கை தட்டாமல் இருந்தது அக்கா மட்டும்தான். திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அது சரி, இதுவரைக்கும் போட்டவங்க எங்க?”

“வருவாங்க, அக்கா. மெதுவா வருவாங்க.”

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தவன், இரண்டாம் முறை ஊதுவது இப்படித்தான். பதினொன்று நாற்பத்தாறுக்குப் போன் மறுபடி அடித்தது. இந்த முறை மனைவியின் குரலில் கேலி இல்லை.

“பட்டியல்ல நம்ம பொண்ணு பேரைக் காணோம். மாதிரிப் பிள்ளைங்களும் இல்லை. மொத்தமே ஒன்பது பேர்தான் இருக்காங்க. முதல் நம்பர் நம்ம மாடிவீட்டுக்காரர். அவர் தூங்கி எழுந்து இப்பதான் போட்டாராம்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பயிற்சிக் கிணற்றில் நானூற்றுப் பதினெட்டு உண்மைக் குழந்தைகள். இன்னும் பதினான்கு நிமிடம். பன்னிரண்டு அடித்தால் அவர் எழுதிய வரி தானாக ஓடும். மொத்தமாக இறைத்துக் கொட்டும். நிறுத்தலாமென்றால், பயிற்சிக் கிணற்றின் கட்டளைகளைத் தொடுவதற்கான ரகசியச் சொல்லை அக்கா போன மாதமே மாற்றிவிட்டார். காரணம், நம்மவர் அதில் ஒரு வரி தொட்டிருந்தார். அவரால் உள்ளே எட்டிப் பார்க்க முடியும். எதையும் மாற்ற முடியாது.

எட்டிப் பார்த்தார். மகளின் பெயர் இருந்தது. நாற்பத்தேழு. காலை பத்து மணி, நான்கு விநாடி.

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. இந்த ஒரு பெயரை மட்டும் இங்கிருந்து எடுத்து அங்கே போட்டுவிட்டால்? யாரிடமும் சொல்ல வேண்டாம். கை தட்டியவர்கள் தட்டியபடியே இருப்பார்கள். மற்றவர்கள் மறுபடி விண்ணப்பிக்கட்டும்; இணையதளம் என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும் என்று ஊருக்கே தெரியும். ஒரே ஒரு வரிதானே?

விரல் விசைக்கு மேலே நின்றது. போன் இன்னும் காதில்தான் இருந்தது.

“ஏங்க, இருக்கீங்களா? எங்க வார்டைக் கூட்டுற அம்மாவோட பேத்திக்கும் நான்தான் போட்டேன். அந்தம்மாவுக்கு போன்ல எழுதத் தெரியாது. நாப்பத்தொன்பது அது நம்பர். அதையும் காணோம். அந்தம்மா இங்க என் பக்கத்துலதான் நிக்குது. நான் என்ன சொல்ல?”

இரண்டு வரி.

ஒரு வரிக்காரர் வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்கு இரண்டு வரி தேவைப்பட்டது. அவர் சரக்கில் அது இல்லை. நாற்பத்தேழைப் பார்த்தார், நாற்பத்தொன்பதைப் பார்த்தார். நடுவில் நாற்பத்தெட்டு யாரோ. அதற்கும் ஒரு அம்மா எங்கோ போனைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அப்புறம் ஐம்பது. கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. இத்தனை நாளில் அந்தக் கோப்பின் மறுமுனையில் ஆட்கள் இருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

“அவங்களை உட்காரச் சொல்லு,” என்று சொல்லிப் போனை வைத்தார்.

வழக்கம்போல அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றார். இரண்டு கையும் பாக்கெட்டில்.

“நகரணுமா?” என்றார் அக்கா, திரும்பாமல்.

“வேண்டாம், அக்கா. நீங்களே உட்காருங்க. நான் தொட்டேன்.”

“எத்தனை வரி?”

“ஒண்ணு. நேத்து. அப்புறம் இன்னிக்கு ஒண்ணு. பன்னிரண்டுக்கு ஓடுதே, அது முன்னாடியே எழுதினது. எல்லாம் பயிற்சிக் கிணத்துல கிடக்குது. நிறுத்துங்க.”

பதினொன்று ஐம்பத்தைந்து. அக்கா திட்டவில்லை, திட்ட நேரமில்லை. ரகசியச் சொல்லை அடித்து உள்ளே போய், அந்தக் கட்டளையை நிறுத்துகிற வரியை எழுதினார். அதுவும் ஒரே வரிதான். எழுதிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

“படிங்க.”

“அக்கா, மணி ஆகுது.”

“வாய்விட்டுப் படிங்க.”

படித்தார். எந்தக் கிணறு என்று ஒருமுறை, எந்தக் கட்டளை என்று ஒருமுறை. அதன்பிறகுதான் அக்கா விசையை அழுத்தினார். பன்னிரண்டு அடித்தது. நானூற்றுப் பதினெட்டுப் பேரும் இருந்த இடத்தில் இருந்தார்கள்.

மேலாளரிடமும் சொல்ல வேண்டியிருந்தது. அவர் முழுக் கதையையும் கேட்டுவிட்டு, தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். “நான் கை தட்டினேனேப்பா,” என்றார். அதைவிட வேறு எதைச் சொல்லியிருந்தாலும் நம்மவர் தாங்கியிருப்பார்.

சாயங்காலம்வரை அவரும் அக்காவும் அக்கம்பக்கம் உட்கார்ந்தார்கள். பொய்ப் பிள்ளைகள் நாற்பதையும் கழித்து, மீதிப் பேரை வந்த நேரப்படி வரிசையாக்கி உண்மைக் கிணற்றுக்கு மாற்றினார்கள். ஒருவர் படிக்க ஒருவர் பார்க்க. மகளுக்கு ஏழாவது எண். வார்டைக் கூட்டுகிற அம்மாவின் பேத்திக்கு ஒன்பது.

வீட்டுக்குப் போனால் மாடிவீட்டுக்காரர் வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“சார், மத்தியானம் எனக்கு முதல் நம்பர் வந்துச்சு. இப்ப நானூத்திப் பத்தொன்பதுங்குது. உங்க ஆபீஸ்ல யாரோ கைய வச்சிருக்காங்க.”

“அவர்கிட்டயே கேளுங்க,” என்றார் மனைவி உள்ளேயிருந்து. “எத்தனை கைன்னும் சொல்வார்.”

மறுநாள் அலுவலகச் சுவரில் ஒரு தாள் ஒட்டினார்கள்: ‘இணைப்புக் கோப்பை ஒருவர் மாற்ற, இன்னொருவர் வாய்விட்டுப் படிக்க வேண்டும். ஒரு வரியானாலும்.’ நம்மவர் அதன் முன்னால் டீக் குவளையோடு நின்று இரண்டுமுறை படித்தார். தலையை ஆட்டினார். மனதார ஒப்புக்கொண்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து மெல்ல ஒரு பேனா வெளியே வந்தது. ‘வாய்விட்டு’ என்பதை மட்டும் எடுத்துவிட்டால் வாக்கியம் இன்னும் கச்சிதமாக இருக்குமே.

“அண்ணே,” என்றார் அக்கா தன் இடத்திலிருந்து. அக்கா அவரை அண்ணே என்று கூப்பிட்டால் நிலைமை மோசம். பேனா பைக்குள் போய்விட்டது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். இவ்வளவு நேரம் இதைப் படித்தீர்களே, நடுவில் எங்காவது ஓர் இடத்தில், ‘இந்த வரியை மட்டும் கொஞ்சம் மாற்றி எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்’ என்று உங்களுக்குத் தோன்றியதா இல்லையா? எந்த வரி என்று எனக்குச் சொல்ல வேண்டாம். இரண்டு கையையும் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு அதை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.